அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய ஐந்தாம் பாகம்

இந்த ஊர் ட்ராமில் காலை நேரத்தில் என் எதிரே உட்காரும் மனிதருக்கு ஐம்பது வயதாவது இருக்கும். மடிப்புக் கலையாத கோட்டு, தோல் பை, நரைத்த மீசை. முதல் நாள் அவர் பையைத் திறந்தபோது ஏதோ அலுவலகக் கோப்பு வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தது சிறுவர் புத்தகம். அட்டையில் மேகத்துக்குள் நீந்தும் ஒரு திமிங்கலம், அதன் முதுகில் கொட்டாவி விட்டபடி ஒரு பையன். மனிதர் அதை நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரச் சிரிப்போடு, இறங்க வேண்டிய நிறுத்தம் வரும்வரை படித்தார். பெட்டியில் ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்காகக் கூச்சப்பட்டது நான் ஒருத்திதான்.

அந்தக் கூச்சம் ஊரிலிருந்து என்னோடு வந்தது. காரைக்குடியில் கல்லூரி முடிந்து அமராவதிபுதூர் திரும்பும் பேருந்தில் நான் படித்ததெல்லாம் இந்த மாதிரிப் புத்தகங்கள்தான். டிராகன், தொலைந்துபோன நாடு, பேசும் வாள் என்று எதைக் கண்டாலும் விடமாட்டேன். ஒருநாள் பக்கத்து இருக்கை அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தப் பரிச்சைக்குத்தா படிக்கிறீக? குரூப் ஃபோரா?" என்று கேட்டார். "இல்லம்மா, கதைப் புத்தகம்" என்றேன். "கதையா?" அவர் முகத்தில் உண்மையான வருத்தம். பிறகு என்னைத் தேற்றுகிற குரலில், "அதுக்கென்னத்தா, வேலை கெடைக்கிற வரைக்கும் பொழுது போகணும்ல" என்றார். அன்றிலிருந்து அட்டைக்குச் செய்தித்தாள் உறை போட்டுத்தான் படித்தேன்.

தென் ஜெர்மனியின் இந்தச் சிறு நகரத்துக்கு மேற்படிப்புக்கு வந்தேன். இப்போது குடிநீர்க் குழாய்கள் வடிவமைக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை. வந்த புதிதில் வகுப்பில் கற்ற ஜெர்மன் கடைத்தெருவில் உதவவில்லை. சிறுவர் தொடர் ஒன்றைப் பிடித்து முதலிலிருந்து கடைசிவரை படித்தால் மொழி வசப்படும் என்று நானே முடிவு செய்துகொண்டு நகர பிப்ளியோதேக்குக்குப் போனேன். நூலகத்துக்கு இங்கே அதுதான் பெயர். மேசையிலிருந்த பெண்மணி, "குழந்தைக்கு என்ன வயது?" என்று கேட்டார். "இருபத்து மூன்று" என்றேன். நம் ஊரில் என்றால் அந்த இடத்தில் ஒரு சிரிப்பு எழுந்திருக்கும். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுத்து என்னை நிதானமாகப் பார்த்தார். "வாசிப்பில்?" "ஒன்பது இருக்கும்." தலையாட்டிவிட்டுப் போய் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். "மொத்தம் ஐந்து பாகம். ஐந்தாவது இன்னும் வரவில்லை. காத்திருக்கத் தெரியுமா உங்களுக்கு?" தெரியும் என்று பட்டென்று சொன்னேன். அப்போது எனக்கு எல்லாமே தெரியும்.

அந்தத் தொடருக்கு நான் வைத்த தமிழ்ப் பெயர் வற்றுக்கடல். ஒரே இரவில் ஒரு கடல் எழுந்து எங்கோ போய்விடுகிறது. கப்பல்கள் மணலில் சாய்ந்து கிடக்கின்றன. கலங்கரை விளக்கங்களில் மட்டும், இனி வராத கப்பல்களுக்காகத் தினமும் விளக்கேற்றுகிறார்கள். அப்படி ஒரு கலங்கரையில் வளரும் ஆல்கே என்ற சிறுமி, தன் வீட்டு விளக்கிலிருந்து ஒரு சுடரைக் கூண்டில் எடுத்துக்கொண்டு, கடலைத் தேடி அதன் அடிமணலில் நடக்கத் தொடங்குகிறாள். துணைக்குக் கன்றுக்குட்டி அளவில் ஒரு கிழட்டு நண்டு. எந்நேரமும் முணுமுணுப்பு. முன்னோக்கி நடக்க அதற்குத் தெரியாது, பின்னோக்கித்தான் நடக்கும். அதனால் போகிற இடம் அதற்குத் தெரிவதில்லை. விட்டுவந்த இடம் கண்ணைவிட்டு மறைவதில்லை. ட்ராமில் அந்தப் பக்கத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்ல புத்தகம் ஒன்று கையில் கிடைத்தால் எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது, யார் தலையிலாவது கட்டியாக வேண்டும். முதலில் அகப்பட்டவள் என் தங்கை அமலி, அப்போது ஏழாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஊரில் மதியச் சாப்பாடு முடிகிற நேரம் எனக்குக் காலை. அமலி கைபேசியை அடுப்படியில் அரிசி டப்பாமேல் சாய்த்துவைத்து ஸ்பீக்கரில் போடுவாள். நான் ஜெர்மனைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்வேன். நான் ஏற்கெனவே படித்த இடத்தைத் தாண்டியபின் முன்கூட்டிப் படிப்பதில்லை என்பது எங்கள் ஒப்பந்தம். அதனால் அடுத்த வரி எனக்கும் தெரியாது, அவளோடு சேர்ந்து நானும் பயப்படுவேன். அம்மா கதை கேட்பதில்லை. அம்மா பாத்திரம் தேய்ப்பாள், தேங்காய் துருவுவாள், பூனையைத் திட்டுவாள். ஆனால் ஆல்கே ஏதாவது பள்ளத்தில் விழப்போகும்போது துருவுகிற சத்தம் நின்றுவிடும்.

முதல் ஞாயிறே அம்மாவின் குரல் குறுக்கே வந்தது. "கடல் வத்திப் போச்சா? நம்ம கம்மா மாதிரியா?"

"இது கடல்மா."

"எதுவானா என்னடி. எவனாச்சும் வரத்துக்காலை அடைச்சிருப்பான். தூரு வாரச் சொல்லு, தண்ணி தன்னால வந்து நிக்கும்."

"நீதான் கதையே கேக்க மாட்டேன்ன?" என்று அமலி பிடித்துக்கொண்டாள்.

"நான் எங்கடி கேட்டேன்? காதுல விழுகுது."

இங்கே நூலகத்தில் மாதம் ஒருமுறை வாசகர்கள் கூடுவார்கள். வற்றுக்கடலைப் பற்றிப் பேசிய நாளில் ஒரு பெண், "தண்ணீர் திடீரென்று இல்லாமல் போவது! எவ்வளவு அபூர்வமான கற்பனை" என்று வியந்தாள். எங்கள் ஊர்க் கண்மாயில் சித்திரை மாதம் ஆடு மேய்வதை, நடுவில் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுவதைச் சொல்ல ஆசைப்பட்டேன். என் ஜெர்மனில் அது "எங்கள் ஊரில் ஆண்டுதோறும் தண்ணீர் போய்விடும்" என்று வந்தது. அந்தப் பெண் என் கையைத் தொட்டு, "அதனால்தான் நாட்டைவிட்டு வந்தீர்களா?" என்று கேட்டாள். இல்லை, திரும்பவும் வந்துவிடும், ஐப்பசியில் வந்துவிடும் என்று விளக்கப் பார்த்தேன். ஒரு கடல் அப்படிச் சொல்லிவைத்த மாதிரி மாதக் கணக்கில் போய்வரும் என்பதை யாரும் நம்பவில்லை.

நான்காம் பாகம், கையிலிருக்கும் சுடர் அணையப்போகும் நேரத்தில் ஒரு கலங்கரையின் பூட்டிய கதவுக்கு முன் ஆல்கே நிற்பதோடு முடிந்தது. ஐந்தாம் பாகம் இந்த ஆண்டுத் தொடக்கத்தில் வெளிவந்தது. வாங்கி, மேலுறையான கண்ணாடித் தாளைக்கூடப் பிரிக்காமல் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன். அமலி போனை எடுத்ததும் சொன்னாள்: "அக்கா, தவக்காலம் வருது. நான் கதைய ஒறுத்தல் வச்சிருக்கேன்." எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களில் சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் பிடித்தமான ஒன்றைக் கடவுளுக்காக விட்டுக்கொடுப்பது வழக்கம். அப்பா வெற்றிலையை விடுவார், அம்மா மீனை விடுவாள். அமலி முந்தைய ஆண்டு மிக்சரை விட்டாள். "மறைக்கல்வி சிஸ்டர் சொன்னாங்க, ரொம்பப் பிடிச்சத விட்டாத்தான் அது ஒறுத்தலாம். எனக்கு மிக்சர் அம்புட்டுப் பிடிக்காதுக்கா." சரி என்றேன்.

அடுத்த வாரம் அமலி டியூஷன் போயிருந்த நேரத்தில் அம்மா தானே அழைத்தாள். சோறு, குளிர், சம்பளம் எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, "அவ ஒறுத்தல் இருந்தா இருந்துட்டுப் போறா. எனக்கு மட்டும் சொல்லேன்டி" என்றாள்.

"நீதான் கேக்கவே மாட்டியே?" என்று சிரித்தேன். "ஈஸ்டர் வரட்டும்மா. மூணு பேரும் சேந்து கேப்போம்."

"அதுக்குள்ள அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?"

"ஆகாதும்மா. அது கதை."

தவக்காலம் பாதி கடந்திருந்தபோது ஒரு மதியம் அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. மதுரைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது கல்லறை மேல் மாலைகள் காய்ந்திருந்தன. தொலைவில் இருக்கிறவர்களுக்கு இதை விரித்து எழுத வேண்டியதில்லை. ஊரில் இருக்கிறவர்களுக்கு எழுதினாலும் முழுதாகப் புரியப் போவதில்லை.

விடுமுறை அவ்வளவுதான் இருந்தது. ஈஸ்டருக்கு முன்பே இங்கே திரும்பிவிட்டேன். ஈஸ்டர் அன்று அமலியை அழைத்து, ஐந்தாம் பாகத்தைப் பிரிக்கட்டுமா என்று கேட்டேன். அவளுக்கு அது நல்லது செய்யும் என்று நம்பினேன்.

"வேணாம்க்கா. ஒறுத்தல் முடியல."

"ஈஸ்டர் வந்துருச்சேடி."

"எனக்கு முடியல." பிறகு பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்: "அம்மா உத்தரிக்கிற ஸ்தலத்துலதான இருக்கும்? நாம இங்குட்டு ஒறுத்தல் இருந்தா அங்குட்டு சீக்கிரம் விட்டுருவாக. பாதில விட்டா அம்மா அங்குட்டே நிக்கும்."

இறந்தவர்களின் ஆன்மா மோட்சத்துக்குப் போகும்முன் தூய்மையாகிற இடம் உத்தரிக்கிற ஸ்தலம். அவர்களுக்காக நாம் செபிக்கலாம், ஒறுத்தல் இருக்கலாம் என்று நானும் அதே மறைக்கல்வி வகுப்பில் படித்தவள்தான். எனக்கு அது பரீட்சைக் கேள்வி. அமலி அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். கூண்டில் ஒரு சுடரை வைத்துக்கொண்டு மணலில் நடக்கிற பிள்ளை மாதிரி, அம்மாவைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பள்ளி திறந்தபிறகு அப்பா அழைத்தார். காரைக்குடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்கிறவர், எதையும் சுருக்கமாகத்தான் பேசுவார். "ஏத்தா, அவகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லு. பாடப் புத்தகத்தத் தவிர எதையும் தொட மாட்டேங்கிறா. பள்ளிக்கூடத்து நூலகத்துக்கும் போறதில்ல. சிரிச்சே நாளாச்சு."

"நீங்க சொல்ல வேண்டியதுதானப்பா?"

"ஒறுத்தல விட்டுருன்னு சொல்ல எனக்கு வாய் வரலத்தா. ஒரு வேளை அவ நெனைக்கிறது மாதிரித்தான் இருந்துச்சுன்னா?"

அந்தக் கோடையில் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் ஆற்றங்கரைப் பூங்காவில் கூடினோம். குழந்தைகள் ஜெர்மனில் சண்டை போட்டுத் தமிழில் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு தாய் என்னிடம், "நீங்கதான் எல்லாருக்கும் இந்த மாயாஜாலப் புத்தகங்களச் சொல்றீங்களாமே, படிச்சா என்னங்க பிரயோஜனம்?" என்று கேட்டார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஒரே புத்தகத்தில் முடிகிற கதை விருந்தாளி மாதிரி, தொடர்கதை வீட்டோடு தங்கிவிடும் என்றேன். ஒரு பாகம் முடிந்து அடுத்தது கைக்கு வரும்வரை குழந்தை அந்த உலகத்தைத் தானே சுமந்து திரியும், விட்ட இடத்தைத் தானே கட்டி முடித்துப் பார்க்கும். பூதம் வருகிறது, சூனியம் வருகிறது என்று பயப்படாதீர்கள், வழி தெரியாத இடத்தில் ஒரு பிள்ளை எப்படி நடக்கிறது என்பதுதான் அதற்குள் இருக்கிறது. வயது பார்க்காதீர்கள், உரக்க வாசியுங்கள், பக்கத்தில் ஒருவர் கேட்காத மாதிரி வேலை செய்துகொண்டிருந்தால் இன்னும் விசேஷம். இதைச் சொன்னதும் தட்டை வைத்துவிட்டு ஆற்றுப் பக்கம் நடந்தேன். பூங்கா முழுக்கப் புத்தகம் விற்கத் தெரிந்தவளுக்கு, தன் வீட்டிலிருக்கும் ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கத்தைக் கொடுக்க முடியவில்லை.

எத்தனையோ விதமாகப் பேசிப் பார்த்திருந்தேன். கடவுள் இப்படிக் கேட்கமாட்டார் என்றேன், அம்மாவுக்கு இது பிடிக்காது என்றேன், வேறு தொடர் வாங்கி அனுப்பினேன். பிரிக்காத பொட்டலம் அலமாரியில் இருப்பதாக அப்பா சொன்னார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன். என் மேசையிலும் ஐந்தாம் பாகம் கண்ணாடித் தாளோடுதான் கிடந்தது. அவள் இல்லாமல் பிரிக்க எனக்கும் மனம் வரவில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, கணக்குப் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அக்கா, அந்த நண்டு இப்ப எங்குட்டு இருக்கும்?" என்றாள்.

"நாம விட்ட எடத்துலதான். கதவுக்கு வெளிய."

"வெளக்கு அணைஞ்சிருக்குமோ?"

"தெரியலடி. நானும் பிரிக்கல."

"நீயுமா?" அவள் குரலில் ஆச்சரியம். அப்போதுதான் அம்மா தனியாக அழைத்ததை அவளிடம் சொன்னேன். இதுவரை சொன்னதில்லை, சொல்ல முடிந்ததில்லை. எனக்கு மட்டும் சொல்லேன்டி என்று அம்மா கேட்டது, ஈஸ்டர் வரட்டும் என்று நான் சொன்னது, அந்தப் புள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாதே என்று அம்மா கவலைப்பட்டது, எல்லாம்.

"அப்ப அம்மாவுக்கும் முடிவு தெரியாதா?"

"தெரியாது."

"தெரியாமலேயா அங்குட்டு இருக்கு?" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

மறுவாரம் அவளே அழைத்தாள். எல்லாவற்றையும் யோசித்து முடித்த குரல். "அக்கா, கல்லறைத் திருநாளுக்கு நானும் அப்பாவும் அம்மாகிட்டப் போறோம். சாயங்காலம் சாமியார் கல்லறைய மந்திரிச்சு முடிஞ்சதும் போன் பண்றேன். அம்மாவுக்குக் கதை சொல்லு."

"உன் ஒறுத்தல்?"

"அது அப்படியேதான் இருக்கு. நான் கேக்கப் போறதில்ல. பக்கத்துல நிப்பேன், அம்புட்டுதான்."

நவம்பர் இரண்டாம் தேதி இறந்தவர்களின் நாள். எங்கள் ஊரில் அன்று கல்லறைத் தோட்டம் திருவிழாப் போல் இருக்கும். வெள்ளையடித்த கல்லறைகள், சாமந்தி, ஊதுபத்தி, ஒலிபெருக்கியில் பாட்டு, காற்றில் அணையும் மெழுகுவர்த்திகளைத் திரும்பத் திரும்ப ஏற்றும் பிள்ளைகள். இங்கேயும் அந்த நாள்களில் கல்லறைக்குப் போகிறார்கள். ஆனால் சத்தமே கிடையாது. ஓரம் வெட்டிய புல், சிவப்புக் கூண்டுகளுக்குள் விளக்குகள், காலடியில் சருகு நொறுங்கும் ஓசை. இறந்தவர்களை வேறெங்கோ புதைத்துவிட்டு வந்தவர்கள், நடுவில் உள்ள பெரிய சிலுவையடியில் விளக்கு வைக்கலாம் என்று அலுவலகத் தோழி சொல்லியிருந்தாள். மதிய இடைவேளையில் போய் ஒரு விளக்கை வைத்துவிட்டு, எதிரே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடித் தாளைப் பிரித்தேன். குளிர்ந்த, தெளிவான வெயில்.

போன் வந்தது. பின்னால் ஒலிபெருக்கி, அப்பாவின் இருமல். "வச்சுட்டேன்க்கா. அம்மா தலமாட்டுல வச்சிருக்கேன். சொல்லு."

கைபேசியை மடியில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, அதன்மேல் புத்தகத்தை விரித்தேன். முதல் இரண்டு வரியைத் தட்டித் தடுமாறித் தமிழாக்கினேன். பிறகு ஆல்கே வந்துவிட்டாள். கதவு, சுடர், காற்று. வழியில் போன வயதான ஜெர்மன் அம்மாள் ஒருவர், பூவாளியோடு நின்று என்னைப் பார்த்தார். நான் செபிக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். "யாருக்காக?" என்று மெல்லக் கேட்டார்.

"என் அம்மாவுக்கு."

"இங்கேயா இருக்கிறார்?"

"இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்று மடியைக் காட்டினேன். புத்தகத்துக்கு அடியில் இருந்த கைபேசி அவருக்குத் தெரியவில்லை. "ஆமாம், எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்" என்று தலையாட்டிவிட்டு, இரண்டு கல்லறை தள்ளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். திருத்தலாம் என்று வாயெடுத்தேன். எதைத் திருத்துவது என்று தெரியவில்லை.

கதவு திறந்தது. திறந்தது எப்படி, சுடர் என்ன ஆயிற்று என்பதை நான் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஏதோ ஒரு தொடரின் முதல் பாகத்தை வாங்கிக் கொடுத்து, அதன் கடைசிப் பாகத்தை நீங்களே சேர்ந்து கண்டுபிடியுங்கள். நண்டு மட்டும் வழக்கம்போல் பின்பக்கமாக உள்ளே நுழைந்தது. கலங்கரைக் காவல்காரர் அதன் முதுகைப் பார்த்துக் கும்பிட்டு வணக்கம் சொன்னார். "வணக்கத்த மூஞ்சிக்குச் சொல்லுங்கய்யா. அது இன்னும் வந்து சேரல" என்றது நண்டு.

போனுக்குள் ஒரு சிரிப்பு வெடித்து, உடனே அமுங்கியது.

நிறுத்தினேன். "யாருடி சிரிச்சது?"

"அம்மா" என்றாள் அமலி. இன்னும் கொஞ்சம் கழித்து, "நான் சும்மா பக்கத்துலதான் நிக்கிறேன்" என்றாள். அப்பா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அதற்குள் அங்கே மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, முதலில் தகரத்தில் கல் எறிகிற மாதிரி, பிறகு ஒரே இரைச்சலாக. ஆள்கள் ஓடுவது, யாரோ பிள்ளையைக் கூப்பிடுவது எல்லாம் கேட்டது. "அக்கா, மழை வந்துருச்சு. அப்பா குடை பிடிக்கிறாக. நீ நிறுத்தாத!" என்று கத்தினாள். "அம்மா கேக்குது!"

நான் குரலை உயர்த்தி வாசித்தேன். இரண்டு கல்லறை தள்ளி நின்ற அம்மாள் பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு மேகம்கூட இல்லாத வானத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன். பக்கம் நனையாமலிருக்க, கழுத்துச் சால்வையை இழுத்துப் புத்தகத்தின் மேல் கூரையாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.